பூட்டின் குறையைச் சொல்வது குற்றமா?

கணினிப் பாதுகாப்பு என்று வகுப்பில் பேச்செடுத்தாலே படிவம் நான்கு மாணவர்கள் சில வாக்கியங்களைப் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்வார்கள். "பூட்டுப் படம் இருந்தா அது நல்ல வெப்சைட், ஐயா." "உள்ளே எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு வெளியே சொல்லாம இருந்தா யாராலயும் உடைக்க முடியாது." "ஹேக்கர்னாலே திருடன்தானே?" மாணவர்கள் மட்டுமா? ஆசிரியர் அறையில் நாமும் ஏறக்குறைய இதையேதான் பேசிக்கொள்கிறோம்.

இவற்றுள் இரண்டாவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் எண்ணம். ஒரு பூட்டின் குறையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் பூட்டு பத்திரமாக இருக்கும். வாய் திறந்தவன் திருடனுக்குத் துணைபோனவன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. கணினி வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழக்கு தொடங்கிவிட்டது.

1851ஆம் ஆண்டு. இலண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்பவர் தம் நிறுவனத்தின் பூட்டுகளை விற்க வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் பெருமையாகக் கருதப்பட்ட சப் பூட்டை எல்லார் முன்னிலையிலும் 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். அந்தப் பூட்டில் ஒரு சிறப்பு உண்டு. யாராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்றால் அது இறுகிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஹாப்ஸ் அந்தக் காவல் அமைப்பையே வழிகாட்டியாகப் பயன்படுத்திக்கொண்டார். எந்த நெம்புகோலை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டோம் என்பதை அதுவே அவருக்குச் சொல்லிவிட்டதாம்.

அடுத்தது பிராமா பூட்டு. பிக்காடிலித் தெருவில் அந்த நிறுவனத்தின் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பல ஆண்டுகளாக ஒரு பூட்டும் அறிவிப்பும் இருந்தன. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு. அரை நூற்றாண்டுக்கு மேலாக யாராலும் முடியவில்லை. ஹாப்ஸ் 16 நாள்களில் பரவலாக 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். நிறுவனத்தார் முணுமுணுத்தார்கள். நடுவர்களோ அவர் வென்றார் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பணமும் கைக்கு வந்தது.

பூட்டைத் திறந்ததை விட, அதன் பிறகு எழுந்த சண்டைதான் நமக்கு முக்கியம். இப்படி வெளிப்படையாகச் செய்து காட்டினால் திருடர்களுக்குப் பாடம் எடுப்பது போல ஆகாதா என்று பலர் கேட்டார்கள். 1853இல் ஹாப்ஸின் பெயரால் வந்த பூட்டுகள் பற்றிய நூல் இதற்கு நேரடியாக மறுமொழி சொன்னது. திருடர்கள் தம் தொழிலில் கெட்டிக்காரர்கள். நாம் சொல்லித்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தெரியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிப் பொருளை வைத்திருக்கும் நல்லவர்கள்தாம். இதுதான் அதன் சாரம். ஹாப்ஸ் வியாபாரி என்பதையும் மறக்கக்கூடாது. போட்டியாளரின் பூட்டை உடைத்துத் தம் பூட்டை விற்றவர் அவர். சில ஆண்டுகளிலேயே அவர் விற்ற பூட்டு வகையையும் லைனஸ் யேல் இளையவர் என்ற இன்னோர் அமெரிக்கர் திறந்து காட்டினார். நம் வீட்டுக் கதவுகளில் இன்றும் காணும் யேல் பூட்டு அவர் குடும்பத்துப் பெயர்தான்!

1883இல் அகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர் (ஆமாம், நம்மைப் போல மொழி ஆசிரியர்தான்) பிரெஞ்சு இராணுவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இரகசியத் தகவல் அனுப்பும் முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதகம் வரக்கூடாது, இரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டுமே என்றார். இன்று நம் கைப்பேசியிலும் வங்கிச் செயலியிலும் இருக்கும் குறியாக்கம் இந்தக் கொள்கையில்தான் நிற்கிறது. முறை ஊரறிந்தது. சாவி நம்மிடம்.

இனி 1970களுக்கு வருவோம். அதுவரை குறியாக்கம் என்பது பெரும்பாலும் அரசாங்கங்களின், இராணுவங்களின் சொத்து. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் ஒரு புதிய வழியை அச்சில் வெளியிட்டார்கள். எளிமையாகச் சொன்னால், திறந்த பூட்டுகளை ஊரெல்லாம் விநியோகித்துவிட்டுச் சாவியை மட்டும் நம்மிடம் வைத்துக்கொள்வது போன்றது. யார் வேண்டுமானாலும் பெட்டியைப் பூட்டி நமக்கு அனுப்பலாம். திறக்க நம்மால்தான் முடியும். முன்பின் அறியாத இருவர்கூட இரகசியமாகப் பேசிக்கொள்ள இதனால் வழி பிறந்தது.

1977 ஜூலையில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளை வெளியிடுவதும் அயல்நாட்டார் வரும் கருத்தரங்குகளில் பேசுவதும் அமெரிக்க ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்றது அது. எழுதிய மேயர் என்பவர் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஊழியர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்த அக்டோபரில் கோர்னெல் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஹெல்மனின் மாணவர்கள் இருவர் தம் ஆய்வைப் படைக்க இருந்தார்கள். பேராசிரியருக்கு வழக்கு வந்தால் பல்கலைக்கழகம் துணை நிற்கும். மாணவர்களின் நிலை அப்படி இல்லை. அதனால் வழக்கறிஞரின் ஆலோசனைப்படி மாணவர்கள் மேடையில் பேசாமல் நிற்க, ஹெல்மனே அவர்களுடைய கட்டுரைகளைப் படித்தார். ஒரு கணக்கைச் சொல்ல வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. எனக்கு இந்தக் காட்சி அடிக்கடி மனத்தில் வருவதுண்டு.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பிரிட்டிஷ் உளவு அமைப்பில் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபர்ட் காக்ஸ் போன்றவர்கள் இதே எண்ணத்தையும் முறையையும் 1970களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். இரகசியம் என்று மூடி வைத்துவிட்டார்கள். 1997இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் வெளியே பேசியவர்களின் கண்டுபிடிப்பு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

1991இல் ஃபில் ஸிம்மர்மன், சாதாரண மக்கள் தம் மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்துகொள்ளப் பி.ஜி.பி. என்ற நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். அது இணையம் வழியாக நாடு கடந்தது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி வலுவான குறியாக்க நிரலும் பீரங்கியும் ஒரே பட்டியலில், அதாவது போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தன. 1993இல் அவர்மீது விசாரணை தொடங்கியது. மூன்றாண்டு இழுத்தடித்து, 1996 ஜனவரியில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் கைவிடப்பட்டது.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே 1995இல் எம்.ஐ.டி. பதிப்பகம் அந்த நிரலின் மூலநிரல் முழுவதையும் தடித்த புத்தகமாக அச்சிட்டது. நிரல் ஆயுதம், ஆனால் புத்தகம்? புத்தகத்தை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சொல்ல அரசாங்கத்துக்கு வாய் வரவில்லை. பின்னாளில் இப்படி அச்சான நூல்களை ஐரோப்பாவில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மீண்டும் நிரலாக்கினார்கள். ஃபில் கார்ன் என்பவர் 1994இல் இந்த முரண்பாட்டை நேராகவே கேட்டுப் பார்த்தார். குறியாக்கம் பற்றிய ஒரு பாடநூலை ஏற்றுமதி செய்யலாமா? செய்யலாம் என்றது வெளியுறவுத் துறை. அதே நூலின் பின்னிணைப்பில் அச்சாகியிருக்கும் நிரலைப் பிளாப்பி வட்டில் போட்டு அனுப்பலாமா? கூடாது, அது ஆயுதம். என்ன கொடுமை பாருங்கள்! அதே எழுத்து, அதே வரி. தாளில் இருந்தால் நூல், வட்டில் இருந்தால் வெடிமருந்து. நான்கைந்து வரி நிரலைச் சட்டையில் அச்சிட்டு "இந்தச் சட்டை ஓர் ஆயுதம்" என்று போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் அப்போது உண்டு.

மொழி ஆசிரியர்களான நமக்கு மிகவும் பிடிக்க வேண்டிய வழக்கு டேனியல் பெர்ன்ஸ்டைனுடையது. பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது தாம் உருவாக்கிய குறியாக்க முறையை வெளியிட விரும்பினார். ஆயுத வியாபாரியாகப் பதிவு செய்துகொண்டு உரிமம் வாங்கு என்றது சட்டம். 1995இல் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். நிரல் என்பது பேச்சா, பொறியா என்பதுதான் கேள்வி. 1996இல் நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல், கணினி மொழிக்கும் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழிக்கும் இந்த விஷயத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, இரண்டுமே தெரிந்தவர்களுக்குக் கருத்தைக் கொண்டுசேர்ப்பவை, ஆகவே மூலநிரல் பேச்சே என்று முடிவு செய்தார். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் பெரும்பான்மையினரும் அவர் பக்கமே நின்றார்கள். பிறகு அந்தத் தீர்ப்பு மறுவிசாரணைக்காக விலக்கிக்கொள்ளப்பட்டது. அது முடிவதற்குள் 2000 ஜனவரியில் அரசாங்கமே ஏற்றுமதி விதிகளைப் பெரிதும் தளர்த்திவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் யங்கர் வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் மூலநிரலுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது.

"செய்முறை எப்படிப் பேச்சாகும்?" என்று மாணவர்கள் கேட்டால் நமக்கு எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. நம் சித்த மருத்துவர்கள் மருந்து செய்முறையைப் பாட்டாகத்தான் எழுதி வைத்தார்கள். கணக்கதிகாரம் கணக்கு வழியைச் செய்யுளில் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு அதன்படி நடக்கலாம், கருவியும் செய்யலாம். அதனால் அது இலக்கியப் பரப்பிலிருந்து விலகிவிடுமா என்ன?

சரி, அமெரிக்க நீதிமன்றத்துச் சண்டைக்கும் மலேசியாவில் இருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. 1990களில் நெட்ஸ்கேப் உலாவி இரு வடிவங்களில் வந்தது. அமெரிக்காவுக்குள் 128 பிட் சாவி. வெளிநாட்டவருக்கு, அதாவது நமக்கு, வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்ட 40 பிட் சாவி. அது எவ்வளவு பலவீனம் என்பதை 1995 ஆகஸ்டில் பிரான்சைச் சேர்ந்த டாமியன் டொலிஜே காட்டினார். ஆய்வகத்தில் ஓய்வாக இருந்த கணினிகளை வைத்தே எட்டு நாளில் ஒரு சாவியைக் கண்டுபிடித்துவிட்டார். "பூட்டுப் படம் இருக்கு, பயமில்ல" என்று அன்று நம்பியவர்கள் தம் பூட்டு எந்த ரகம் என்று அறியாமலேயே நம்பினார்கள்.

விதி தளர்ந்ததும் அந்தப் பலவீனமான பூட்டுகள் ஒழிந்துவிட்டன என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2015 மார்ச்சில் ஆய்வாளர்கள் ஃப்ரீக் என்ற குறையை வெளியிட்டார்கள். ஏற்றுமதிக்கென்று செய்த பழைய 512 பிட் சாவிகளை எத்தனையோ இணையத்தளங்கள் இன்னும் ஏற்றுக்கொண்டிருந்தன. நடுவில் நுழைந்தவன் உலாவியை ஏமாற்றி அந்தப் பழைய பூட்டையே போட வைக்கலாம். வாடகைக்கு எடுத்த கணினிகளில் சுமார் 100 டாலர் செலவில், சில மணி நேரத்தில் அப்படிப்பட்ட சாவியை உடைத்தும் காட்டினார்கள். அந்தக் குறை இருந்த தளங்களுள் ஒன்று எது தெரியுமா? தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த இணையத்தளம். அயலானுக்கென்று வெட்டிய குழி, இருபதாண்டுக்குப் பிறகும் மூடாமல் கிடந்து வெட்டியவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

பயனீட்டாளர் பொருள்களிலும் இதே கதைதான். டிவிடி வட்டுகளை நினைவிருக்கிறதா? உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு 1, தென்கிழக்காசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5. அத்துடன் ஒரு குறியாக்கமும் இருந்தது. அதுவும் 40 பிட்தான். திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் இந்தக் குறியாக்கம் என்று பலர் நம்பினார்கள். ஆனால் தொழிற்சாலையில் வட்டை அப்படியே அச்செடுத்துத் திருட்டுப் பிரதி செய்பவனுக்குக் குறியாக்கத்தை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. பூட்டையும் சேர்த்துத்தான் பிரதி எடுக்கிறான். மாட்டிக்கொண்டவர்கள், விலை கொடுத்து வாங்கிய படத்தை லினக்ஸ் கணினியில் பார்க்க நினைத்தவர்கள்.

1999இல் டி.சி.எஸ்.எஸ். என்ற நிரல் வெளிவந்தது. அதன் பின்னால் இருந்தவர்களுள் ஒருவன் யோன் யொஹான்சன், 15 வயது நார்வே பையன். நம் படிவம் மூன்று மாணவன் வயது. வழக்கு மேல் வழக்கு நடந்து 2003 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலையானான். அமெரிக்காவிலோ அந்த நிரலை வெளியிட்ட ஓர் இதழுக்கே தடை விதித்தார்கள். நிரல் பேச்சில்லையா, அப்படியானால் இது பேச்சா என்று கேட்டு அதையே ஆங்கிலத்தில் விளக்கியவர்கள், பாட்டாக்கியவர்கள், சட்டையில் அச்சிட்டவர்கள் எல்லாம் கிளம்பினார்கள். சேத் ஷோன் என்பவர் அந்த வழிமுறை முழுவதையும் ஹைக்கூ வரிசையாகவே எழுதிவிட்டார்.

ஆனால் 2001 நவம்பரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரல் பேச்சுதான், ஆனால் அது வேலையும் செய்கிறது. அந்த வேலையைக் கட்டுப்படுத்தச் சட்டத்துக்கு இடமுண்டு என்று நீதிமன்றம் சொல்லித் தடையை உறுதிசெய்தது. 'நிரல் பேச்சு, எனவே எதுவும் செய்யலாம்' என்பதும் ஒரு தவறான எண்ணமே. வைரஸ் எழுதி ஊரார் கணினியில் ஏவிவிடுவதைப் பேச்சுரிமை காப்பாற்றாது.

எனக்கு உடன்பாடில்லாதது வேறு. 1998இல் அமெரிக்காவில் வந்த மின்னியல் பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பவனோடு பூட்டைப் பற்றிப் பேசுபவனையும் நடுங்க வைத்தது. 2003இல் பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் ஓர் இசைத்தட்டின் பிரதித் தடுப்பை ஆராய்ந்தார். தட்டைக் கணினியில் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், தடுப்பு வேலை செய்யாது என்று எழுதினார். அதற்காகவே வழக்குப் போடுவோம் என்று மிரட்டல் வந்தது. ஊர் சிரிக்கவே ஓரிரு நாளில் நிறுவனம் பின்வாங்கியது.

2005இல் நடந்தது சிரிப்பாக முடியவில்லை. சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட சுமார் 50 இசைத்தட்டுகள், கணினியில் போட்டதும் தம்மை ஒளித்துக்கொள்ளும் ஒரு மென்பொருளைப் பதித்தன. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். கள்ளனும் தன் கோப்புக்கு அந்தப் பெயரை வைத்தால் அவனுடையதும் மறைந்துவிடும். அப்படியே வைரஸ் எழுதியவர்கள் செய்தார்கள். மார்க் ரஸினோவிச் அக்டோபர் 31 அன்று இதை வெளியிட்டார். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதுவரை கண்டுகொள்ளவே இல்லை. நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், பெரும்பாலோருக்கு அது என்னவென்றே தெரியாது, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசினார். தெரியாதது சுடாது என்ற அதே பழைய நம்பிக்கை! நவம்பரில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். இதில் உறுத்துவது என்னவென்றால், ஹால்டர்மனும் அவருடைய பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனும் இந்தச் சிக்கலை முன்பே கவனித்திருந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து வழக்கறிஞர்களுடன் பேசிக்கொண்டிருந்ததில் வாரங்கள் ஓடிவிட்டன. அந்த வாரங்களில் தட்டு வாங்கியவர்களின் கணினிகள் திறந்து கிடந்தன.

இதை வகுப்பில் நடத்தும்போது ஒரு குழப்பம் கட்டாயம் வரும். யூடியூபில் கேட்டதை வைத்து, "ஃப்ரீ ஸ்பீச் இருக்கு, என் பதிவை எப்படி அழிக்கலாம்?" என்பார்கள். மேலே சொன்ன அமெரிக்க வழக்குகள் 1791இல் ஏற்கப்பட்ட அவர்களுடைய முதல் திருத்தத்தைப் பற்றியவை. அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரு நிறுவனம் தன் தளத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்வதை அது தடுப்பதில்லை. நம் நாட்டில் பேச்சுரிமையைச் சொல்வது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. அதிலேயே பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தலாம் என்றும் இருக்கிறது. அமெரிக்கத் தீர்ப்பை இங்கே ஆதாரமாகக் காட்ட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விவாதம் திசைமாறிவிடும்.

குறையைக் கண்டால் என்ன செய்வது என்பதற்கு இத்துறையினர் இப்போது ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். முதலில் செய்தவரிடம் தனியாகச் சொல்வது, திருத்த அவகாசம் கொடுப்பது, பிறகு வெளியிடுவது. கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு 2014இலிருந்து 90 நாள் என்ற கெடுவை அடிப்படையாக வைத்திருக்கிறது. கெடு இல்லாவிட்டால் குறையைத் திருத்தாமலே காலம் தள்ளிய நிறுவனங்கள் நிறைய. அந்தப் பூட்டுப் படத்தின் கதையும் கேளுங்கள். அது காட்டுவது, நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே. அந்தப் பக்கம் இருப்பவன் நல்லவன் என்று அல்ல. மோசடித் தளங்களும் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

விவாதப் பாடத்துக்கு இதைப் பயன்படுத்த விரும்புவோர் ஹாப்ஸிடமிருந்து தொடங்குங்கள். கணினி அறிவு தேவைப்படாது. எல்லா மாணவர்களும் பேசுவார்கள். 'ஹாப்ஸ் பிராமா நிறுவனத்திடம் இரகசியமாகச் சொல்லியிருக்க வேண்டுமா, ஊரறியத் திறந்தது சரியா?' என்று கேட்டு இரண்டு அணியாகப் பிரித்தால் ஒரு மணி நேரம் போதாது. என் வகுப்பில் இரகசிய அணியின் கை ஓங்கியிருந்த நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "அறிவிப்புப் பலகையை வெச்சதே அவங்கதானே ஐயா?" என்றாள். அதற்கு எதிரணி இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.